கம்பனிக் கணக்கை நாமும் பார்க்கலாம்

"கம்பனி நட்டத்துல ஓடுதாம், மெய்தானா ஐயா?" பெரட்டுக்களத்தில் எங்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. பதில் கம்பனியின் வருடாந்த அறிக்கையிலேயே இருக்கிறது.

1992இல் அரசாங்கத் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. பின்னர் பங்குகள் விற்கப்பட்டபோது 10 வீதம் ஊழியர்களுக்கு இலவசமாகக் கிடைத்தது. அந்தப் பத்திரம் சிலருடைய டிரங்குப் பெட்டியில் இன்னும் கிடக்கிறது. பங்கு உள்ளவர் கம்பனியிடமே அறிக்கையைக் கேட்கலாம். பங்குச் சந்தையில் பதிந்த கம்பனி என்றால், கொழும்பு பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். உயர்தரம் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்க.

படங்களைத் தாண்டிக் கணக்குப் பக்கத்துக்குப் போங்க. மேலே "ரூபா ஆயிரங்களில்" என்றிருந்தால் 2,500 என்பது 25 இலட்சம். அடைப்புக்குறிக்குள் இலாபம் இருந்தால் அது நட்டம். விற்பனை வருமானத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். செலவும் வரியும் போன பிறகு மிஞ்சுவதே இலாபம். இது எல்லாத் தோட்டங்களையும் சேர்த்த கணக்கு. கணக்காய்வாளர் ஏதும் குறை எழுதியிருக்கிறாரா என்றும் பாருங்க.

முக்கியமாக, பொறுப்புகளின் கீழ் ஓய்வுகாலக் கொடுப்பனவு என்ற வரியைத் தேடுங்க. அதுதான் நமது சேவைக்காலப் பணம். அந்தத் தொகை கம்பனி நமக்குக் கொடுக்க வேண்டிய கடன். பெட்டியில் எடுத்து வைத்த காசு என்று நினைத்துவிடாதீங்க. தனியாக நிதி ஒதுக்கியிருக்கிறார்களா என்பது பின்னாலுள்ள குறிப்பில் இருக்கும்.

புரியாவிட்டால் எங்களிடம் கொண்டு வாங்க. சேர்ந்து பார்ப்போம்.