உலங்கு வானூர்தி கம்பி மோதல்

உலங்கு வானூர்தி கம்பி மோதல் என்பது தாழப் பறக்கும் உலங்கு வானூர்தி ஒன்று மின்கம்பி, தொலைத்தொடர்பு வடம், இழுவை வடம் போன்றவற்றில் மோதுவதைக் குறிக்கும். விமான நிலையங்களைச் சுற்றி இத்தகைய தடைகள் வரைபடத்தில் குறிக்கப்பட்டும் விளக்கிடப்பட்டும் இருக்கும். வயல், ஆற்றங்கரை, மலைச்சாலை, பள்ளி மைதானம் ஆகியவற்றில் இறங்கும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே இவ்விபத்துகள் மீட்புப் பணி, நிவாரணப் பணி, தலைவர்களின் சுற்றுப்பயணம் ஆகியவற்றோடு தொடர்புடையனவாக அமைகின்றன.

கம்பி கண்ணுக்குத் தப்புவது ஏன்

மனிதக் கண் பிரித்தறியும் எல்லை ஏறத்தாழ ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்காகும். 1 செ.மீ. தடிமனுள்ள கம்பி 35 மீட்டர் தொலைவிலேயே அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். 60 நாட் வேகத்தில் செல்லும் உலங்கு வானூர்தி அத்தொலைவை ஒரு நொடிக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் கடந்துவிடும். வெளிறிய வானத்தின் முன் கம்பி இதைவிடத் தொலைவிலிருந்தும் தெரியலாம். வயலோ மரங்களோ பின்னணியாக இருந்தால் அருகிலும் தெரியாது. வெயில் மழையில் பழகிய அலுமினியக் கம்பி மங்கிய சாம்பல் நிறம் பெற்றுப் பின்னணியோடு கலந்துவிடுவதும் உண்டு.

உயரழுத்தக் கோபுரங்களின் உச்சியில் இடிதாங்கியாகச் செல்லும் எர்த் கம்பி, கீழுள்ள மின்கடத்திகளைவிட மெலிந்தது. தடித்த கடத்திகளைக் கண்டு அவற்றுக்கு மேலே ஏற முயலும் விமானி, அதற்கும் மேலிருக்கும் இந்தக் கம்பியில் மோத நேரிடுகிறது. இதனாலேயே கம்பியைத் தேடாமல் கம்பத்தைத் தேடுமாறு விமானிகளுக்குக் கற்பிக்கப்படுகிறது. மின்தொடரைக் கடக்கும்போதும் கம்பங்களுக்கு நடுவே கடக்காமல், கோபுரத்தின் நேர்மேலே கடப்பதே முறை. கோபுரத்தின் உச்சி கண்ணுக்குத் தெரியும். கம்பி அதைவிட உயரத்தில் இருக்க முடியாது.

இந்தியாவில் நடந்தவை

2017 மே 25 அன்று மகாராட்டிர முதலமைச்சர் தேவேந்திர பட்னாவிசு சென்ற உலங்கு வானூர்தி, லாத்தூர் மாவட்டம் நிலங்காவில் மேலெழுந்த சிறிது நேரத்தில் மின்கம்பிகளில் சிக்கி விழுந்தது. அதிலிருந்தோர் உயிர் தப்பினர். 2019 ஆகஸ்ட் 21 அன்று உத்தராகண்டத்தின் உத்தரகாசி மாவட்டத்தில் வெள்ள நிவாரணப் பொருள் கொண்டுசென்ற உலங்கு வானூர்தி, மலைவாழ் மக்கள் ஆப்பிள் பழங்களை இறக்குவதற்குக் கட்டியிருந்த வடத்தில் மோதியதில் மூவர் இறந்தனர். இவ்வடங்கள் உழவர்கள் தம் தேவைக்கு அமைத்துக்கொள்பவை. ஊராருக்கு அவை நன்றாகத் தெரியும். விமானியின் வரைபடத்துக்குத் தெரியாது.

அதே மாவட்டத்தில் 2025 மே 8 அன்று கங்னானி அருகே பெல் 407 வகை உலங்கு வானூர்தி மலைச்சாலையில் இறங்க முயன்றது. அதன் முதன்மைச் சுழலி, சாலைக்கு இணையாகச் சென்ற ஒளியிழை வடத்தில் மோதியதாக விபத்துப் புலனாய்வு அமைப்பின் முதற்கட்ட அறிக்கை கூறுகிறது. விமானி உட்பட ஆறு பேர் இறந்தனர். ஆபத்து மின்கம்பியில் மட்டும் இல்லை என்பதையும், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டால் போதும் என்ற எண்ணம் தவறு என்பதையும் இந்நிகழ்வு காட்டுகிறது.

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குச் செல்லும்போது குன்னூர் அருகே விழுந்த படைத்துறை உலங்கு வானூர்தியின் விபத்து இவ்வகையைச் சேர்ந்ததன்று. திடீரென மாறிய வானிலையில் மேகத்துள் புகுந்ததால் நேர்ந்த திசை மயக்கமே அதற்குக் காரணமென விசாரணையில் கூறப்பட்டது.

கொங்குப் பகுதியின் நிலை

ஈரோடு மாவட்டத்தில் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடி போன்ற ஊர்கள் மலைப்பகுதியல்ல. மேலிருந்து பார்த்தால் கரும்பும் மஞ்சளும் தென்னையுமாகச் சமவெளி எங்கும் இறங்க இடமிருப்பது போலவே தோன்றும். ஆனால் கிணற்று மோட்டார்களுக்காகத் தோட்டந்தோறும் மின்கம்பிகள் செல்கின்றன. கம்பங்கள் தென்னை மட்டைகளுக்குள் மறைந்துவிட, இடைப்பட்ட கம்பி மட்டும் வெளியில் தொங்கும். கம்பத்தைத் தேடும் மேற்சொன்ன உத்தி இங்கே பாதி பயனிழக்கிறது. கம்பத்தைச் சாய்வாகத் தாங்கும் ஸ்டே கம்பி தரைவரை இறங்குவதால், வால் சுழலிக்கு அதுவும் ஆபத்தே. ஊரை ஒட்டிய ஈரோடு–கரூர் தொடர்வண்டிப் பாதைக்கு மேல் 25 கிலோவோல்ட்டுக் கம்பி உண்டு. சத்தீசுகரின் ராய்கரிலிருந்து வரும் 800 கிலோவோல்ட்டு நேர்மின்தொடர், ஆற்றின் தென்கரைப் பகுதியிலுள்ள புகளூரின் பெயர் தாங்கிய நிலையத்தில் முடிகிறது.

2018, 2022 ஆகிய ஆண்டுகளின் ஆகஸ்ட் மாதங்களில் மேட்டூர் அணையிலிருந்து ஏறத்தாழ 2 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டபோது காவிரிக் கரையின் தாழ்ந்த பகுதிகள் மூழ்கின. அத்தகைய வேளையில் மீட்புக்கு வரும் உலங்கு வானூர்தி, முன்பின் பார்த்திராத மேட்டு நிலத்தில்தான் இறங்க வேண்டியிருக்கும்.

தடுப்பு முறைகள்

ஆறு, பள்ளத்தாக்கு, நெடுஞ்சாலை ஆகியவற்றைக் கடக்கும் ஆபத்தான கம்பிகளில் நிறக்கோளங்களைக் கோக்குமாறு பன்னாட்டுக் குடிசார் வான்பயண அமைப்பு பரிந்துரைக்கிறது. கோளத்தின் விட்டம் 60 செ.மீ.க்குக் குறையலாகாது.

கனடாவில் உருவாக்கப்பட்ட கம்பிவெட்டி, விமானி அறைக்கு மேலும் கீழும் பொருத்தப்படும் கூரிய கவை போன்ற கருவியாகும். முன்கண்ணாடியில் மோதும் கம்பி வழுக்கிச் சென்று இக்கவையில் சிக்கி அறுபடும். கம்பியை அறுப்பது வானூர்தியின் முன்னோக்கிய வேகமே. அது ஏறத்தாழ 30 நாட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தரையிறங்கும்போது அவ்வேகம் சுழியத்தை நோக்கிக் குறைகிறது. செங்குத்தாக இறங்குகையில் கம்பி முன்கண்ணாடிக்கு வராமல் சுழலியையோ வாலையோ தொடும். ஆகவே கம்பி மிகுந்திருக்கும் தரையருகில்தான் இக்கருவி உதவாமற் போகிறது.

எஞ்சுவது நோட்டமிடலே. இறங்குமுன் உயரத்தில் ஒரு முறையும் தாழ்வாக ஒரு முறையும் விமானி வட்டமிட்டு, களத்தின் பரப்பு, சரிவு, தரை, சுற்றுப்புறம் ஆகியவற்றைப் பார்ப்பார். தெருவிளக்கு, பம்புசெட்டு அறை, தனி வீடு ஆகியன தெரிந்தால் அவற்றுக்குக் கம்பி எங்கிருந்தோ வந்தாக வேண்டும் என்று கொள்ள வேண்டும். இறங்கும்போது எழும் புழுதி கடைசி நொடிகளில் பார்வையை மறைக்கும் என்பதால், கண்ட கம்பிகளின் இடத்தை முன்னதாகவே மனத்தில் பதித்துக்கொள்வது தேவை.

தரையிலுள்ளோர் கொடுக்கும் தகவலுக்கும் இதே மதிப்புண்டு. களத்தைத் தேர்ந்தெடுப்பவர் அதைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு கம்பத்திலிருந்தும் கம்பி எந்தப் பக்கம் போகிறதென்று அண்ணாந்து பார்த்து, வானூர்தி வரும் திசையிலும் புறப்படும் திசையிலும் உள்ளவற்றை விமானிக்கு வானொலியில் தெரிவிக்க வேண்டும். மின்வாரியத்தின் கம்பியாளரும் நிலத்துக்குரிய உழவரும் உடனிருந்தால், மரத்துக்குள் மறைந்த இணைப்பும் விடுபடாது.