ஊட்டி ரயில் சத்தம் மாடல் இன்ஜினில் கேட்குமா? டிசிசி - டிசி மாற்றுவது எப்படி?

மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் ஊட்டி மலை ரயில் கல்லாறைத் தாண்டியதும் அதன் சத்தமே மாறிவிடும். அதுவரை இரண்டு சிலிண்டரில் ஓடிய 'எக்ஸ்' வகை நீராவி இன்ஜின், பல் தண்டவாளத்தில் ஏறியதும் இன்னும் இரண்டு சிலிண்டர்களைச் சேர்த்துக்கொள்கிறது. முதல் ஜோடியில் வேலை முடித்த நீராவி அடுத்த ஜோடிக்குப் போய்ப் பல் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இந்த இரண்டாவது ஜோடி வேகமாக இயங்குவதால், நிதானமான 'சுக் சுக்' சடசடவென நெருங்கிவிடுகிறது. குன்னூரில் நீராவி இன்ஜின் விடைபெற, ஊட்டி வரை ஒய்டிஎம்-4 டீசல் இன்ஜின் பொறுப்பேற்கிறது.

இந்தச் சத்தத்தை வீட்டு மேசையில் ஓடும் மாடல் ரயிலில் கேட்க ஆசைப்படுபவர்கள் முதலில் தடுமாறுவது டிசி, டிசிசி என்ற இரண்டு சொற்களில்தான்.

என்ன வித்தியாசம்?

சாதாரண டிசி முறையில் கன்ட்ரோலரைத் திருகினால் தண்டவாளத்தில் 0 முதல் 12 வோல்ட் வரை மின்சாரம் ஏறும். அதற்கேற்ப வேகம் கூடும். பிளஸ், மைனஸை மாற்றினால் வண்டி பின்னால் போகும். அவ்வளவுதான்.

டிசிசி முறையில் தண்டவாளத்தில் எப்போதும் சுமார் 15 வோல்ட் இருக்கும். அதே மின்சாரத்தில் கட்டளைகளும் டிஜிட்டலாகப் போகும். இன்ஜினுக்குள் இருக்கும் 'டீகோடர்' என்ற குட்டி சர்க்யூட் தனக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு மோட்டார், விளக்கு, ஸ்பீக்கரை இயக்கும். சத்தம் தரும் டீகோடர் 100 யூரோவைத் தாண்டும். தப்பாக இணைத்துப் புகைய விட்டால் அந்தப் பணம் போச்சு.

சத்தத்தோடு வாங்கிய இன்ஜின் டிசி-யில் ஓடுமா?

பெரும்பாலும் ஓடும். பிரித்துப் பார்க்கும் முன் 'சிவி 29' என்ற செட்டிங்கைப் பாருங்கள். அதில் 4 என்ற மதிப்பு சேர்ந்திருந்தால் டிசி-யிலும் ஓட அனுமதி உண்டு. பல டீகோடர்களில் அது 6 என்று இருக்கும், அதாவது 2-ம் 4-ம். அதை 2 ஆக்கினால் டிசி-யில் அசையாது. 'இன்ஜின் செத்துப்போச்சு' என்று பயப்படும் பலருக்கும் உண்மையில் பிரச்சினை இதுதான்.

ஓடினாலும் குணம் மாறும். 5, 6 வோல்ட் வரும்வரை டீகோடர் விழிக்காது. பிறகு சத்தம் வரும், அதற்கப்புறம்தான் வண்டி நகரும். நிறுத்தினால் சத்தமும் அடங்கிவிடும். நினைத்த நேரத்தில் விசில் ஊத முடியாது. விசில்தான் வேண்டும் என்றால் டிசிசி-தான் வழி. துடிப்பு துடிப்பாக மின்சாரம் தரும் டிசி கன்ட்ரோலர்கள் டீகோடருக்கு ஒத்துவராது.

சத்தமே வேண்டாம், டிசி போதும் என்றால் டீகோடரைக் கழற்றிவிட்டு, பெட்டியில் வந்த வெற்று பிளக்கை அதன் இடத்தில் செருகினால் போதும். சின்னதாக இருக்கிறதே என்று அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

டிசி இன்ஜினை டிசிசி-க்கு மாற்றினால்?

உண்மையான வேலை இங்கேதான். சாக்கெட் இருக்கும் புது இன்ஜின் என்றால் சிக்கல் குறைவு. 8 முள் சாக்கெட்டில் தலைகீழாகச் செருகினால் பொதுவாக விளக்கு எரியாமல் போகும், பெரிய சேதம் வராது. 21 முள் சாக்கெட்டில் தவறாகச் செருகவே முடியாதபடி ஒரு முள்ளை விட்டிருப்பார்கள்.

சாக்கெட் இல்லாத பழைய இன்ஜினில் மோட்டாரின் ஒரு பிரஷ் உலோக உடலைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் தொடர்பைத் துண்டிக்காமல் மின்சாரம் கொடுத்தால் டீகோடர் நொடியில் போய்விடும். சிவப்பு, கறுப்பு வயர்கள் தண்டவாளத்துக்கு. ஆரஞ்சு, சாம்பல் வயர்கள் மோட்டாருக்கு. உடலுக்கும் மோட்டாருக்கும் தொடர்பு இல்லை என்பதை மல்டிமீட்டரில் பார்த்த பிறகே மூடுங்கள். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால் மோட்டார் இழுக்கும் கரன்ட், டீகோடர் தாங்கும் அளவுக்குள் இருக்கிறதா என்பதையும் அளந்துவிடுங்கள்.

டீகோடர் இல்லாத இன்ஜினை டிசிசி தண்டவாளத்தில் சும்மா வைத்துப் பார்க்கும் பழக்கமும் ஆபத்து. நின்ற இடத்திலேயே ரீங்காரமிட்டு மோட்டார் சூடாகும். கோர்லெஸ் மோட்டார் என்றால் கருகியே போகலாம். இரண்டு வகை கன்ட்ரோலர்களையும் ஒரே தண்டவாளத்தில் ஒன்றாக இணைக்கவே கூடாது.

அப்போ ஊட்டி ரயில் சத்தம்?

டீசல் இன்ஜினுக்கு எளிது. ஒய்டிஎம்-4 ஆல்கோ 251 வகை இன்ஜினில் ஓடுவது. அந்த வகைச் சத்தம் அமெரிக்க மாடல்களுக்காகவே தயாராகக் கிடைக்கிறது. நீராவிக்குத்தான் திண்டாட்டம். கடையில் வரும் ஒலிக்கோப்புகள் பெரும்பாலும் சக்கரம் ஒருமுறை சுற்ற நான்கு 'சுக்' என்ற கணக்கில் இருக்கும். கல்லாறு வரை அது பொருந்தும், பல் தண்டவாளத்தில் பொருந்தாது. சொந்த ஒலிப்பதிவை ஏற்ற இடம் தரும் லோக்சவுண்ட் போன்ற டீகோடர் வாங்கினால், கல்லாறுக்கு மேலே பதிவுசெய்த சத்தத்தைத் தனியாக ஏற்றி, ஒரு பட்டனில் மாற்றிக்கொள்ளலாம்.