கங்காருவும் சங்கும்

கல்கத்தாவில் வாழும் நம்மவர், வங்க மாதர் கைகளில் விளங்கும் வெண்சங்கு வளையல்களை நாள்தோறும் காண்கின்றனர். அவ்வளையல்களுக்குரிய சங்குகள் நெடுங்காலமாகத் தூத்துக்குடி, இராமேசுவரம் கடற்பகுதிகளிலிருந்து சென்றவை. இதனை நம் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமி, "சங்குக்குத் தாய் உண்டா? கங்காருவைப்போல் அதுவும் பையில் குட்டியை வைத்திருக்குமா?" என்று வினவினாள். பெரியவர் சிலர் நகைத்தனர். நகைக்கத்தக்க வினா அன்று என்பதே நம் கருத்து.

ஆஸ்திரேலியாவின் செங்கங்காரு கருவைச் சுமப்பது ஏறக்குறைய 33 நாட்களே. பிறக்கும் குட்டி 1 கிராம் எடைகூட இராது, கண் திறவாதது, பின்னங்கால்களும் அரும்பு நிலையிலேயே இருக்கும். எனினும் முன்னங்கால்களால் தாயின் மயிரைப் பற்றி ஏறித் தானே பைக்குள் புகுந்து முலைக்காம்பைக் கவ்விக்கொள்கிறது. தாய் அதனைத் தூக்கிவிடுவதில்லை! சுமார் 8 மாதம் அப்பையே அதற்கு வீடு. வெளியே துள்ளித் திரியும் மூத்த குட்டி ஒரு காம்பிலும், பைக்குள் கிடக்கும் இளங்குட்டி மற்றொன்றிலும் பாலுண்ணும். அவரவர் வயதுக்கேற்ப இரு காம்புகளிலும் வெவ்வேறு வகைப் பால் சுரக்கிறது. போதாதென்று, மூன்றாவதொரு கரு வளராமல் வயிற்றுள் தன் முறைக்குக் காத்திருப்பதும் உண்டு. நம் இல்லங்களில் இவ்வளவு ஒழுங்கை எதிர்பார்க்க இயலுமோ?

சங்கு, கடலடி மணலில் புழுக்களைத் தின்று வாழும் நத்தை. பாலூட்டுவது அதன் இயல்பன்று. ஆனால் ஆட்டுக்கொம்புபோல் முறுக்கிய, அறை அறையாய் அமைந்த முட்டைக்கூடு ஒன்றை ஆக்கி, அதன் அடிநுனியை மணலில் ஊன்றிவிட்டு அகல்கிறது. கடல் நத்தைகள் பலவற்றின் இளம்பருவம் நீரோட்டத்தில் மிதந்து அலைவது. சங்கின் குஞ்சு அவ்வாறு அலைவதில்லை. அறைக்குள்ளேயே வளர்ந்து, ஓட்டுடன் கூடிய சிறு சங்காகவே வெளிவந்து மணலில் ஊர்கிறது. ஆகவே சிறுமியின் வினாவுக்கு, பை உண்டு, அருகில் தாய் இல்லை என்று விடை கூறினோம்.

இதில் ஓர் இடர் இருக்கிறது. மிதந்து செல்லாத குஞ்சுகள் தொலைவிலுள்ள மணற்படுகைக்குச் சென்று குடியேறுவது அரிது. ஓரிடத்துச் சங்குகளை ஒட்ட எடுத்துவிட்டால், அவ்விடம் மீண்டும் நிறைய நெடுங்காலம் செல்லும். குறித்த அளவுக்குச் சிறிய உயிர்ச்சங்குகளைக் கடலிலேயே விடவேண்டும் என்று சங்கு குளிப்போருக்கு முன்னாளிலேயே விதி செய்தது இதனாற்றான். இழுவலைகளில் மீன்களோடு இளஞ்சங்குகளும் சேர்ந்து அகப்படுவதால், மூழ்கி எடுப்போருக்கென எழுதப்பட்ட அவ்விதி மட்டும் இந்நாளில் போதாதிருக்கிறது.