சிவப்பரிசி சாப்பிட்டால் ரத்தம் ஊறுமா?



ஒரு கிராமத்தில் கர்ப்பிணிகளைப் பரிசோதித்தபோது, ஏழு மாதப் பெண் ஒருவருக்கு ஹீமோகுளோபின் 8 கிராம்தான் இருந்தது. 11 கிராமாவது இருக்க வேண்டும். "இரும்புச்சத்து மாத்திரை போடுகிறாயா அம்மா?" என்று கேட்டேன். "இல்லீங்க. அத்தை மாப்பிள்ளைச் சம்பா சோறு ஆக்கிப் போடுறாங்க, அதிலேயே இரும்பு இருக்குதாமே. மாத்திரை வயித்தைப் பிரட்டுது" என்றார். அத்தை சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆபத்து.

நெல்லின் உமியை நீக்கினால் தவிட்டோடு கூடிய அரிசி கிடைக்கும். இரும்பு, துத்தநாகம், மக்னீசியம் முதலிய தாதுச் சத்துக்கள் அந்தத் தவிட்டிலும் முளையிலுமே அதிகம். மில்லில் பளபளவென்று தீட்டும்போது அவை தவிட்டோடு போய்விடுகின்றன, மாட்டுக்குத்தான் லாபம்! ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டாத அரிசியில் மக்னீசியம் சுமார் 94 மில்லிகிராம். தீட்டிய பச்சரிசியில் 19 மட்டுமே. இரும்பு, தீட்டாததில் 1.02, தீட்டியதில் 0.65. தீட்டிய புழுங்கலரிசியில் 0.72. புழுக்கும்போது பி வைட்டமின்கள் அரிசிக்குள் இறங்கும். இரும்பு அப்படி அதிகம் இறங்குவதில்லை.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டால், தீட்டியதில் இரும்பு 2 மில்லிகிராம், தீட்டாததில் 3. கர்ப்பிணிக்கு வேண்டியதோ 27! அரிசியை மாற்றி இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. அதோடு, தவிட்டில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக் கொள்ளும்.

சிவப்பு நிறமும் தவிட்டில்தான் இருக்கிறது. மாப்பிள்ளைச் சம்பாவானாலும் நன்றாகத் தீட்டிவிட்டால் நிறமும் போச்சு, சத்தும் போச்சு.

அப்படியானால் ரகங்களுக்குள் வித்தியாசமே இல்லையா? உண்டு. ஆனால் ஒரே ரகமே மண்ணுக்கு மண் மாறும். துத்தநாகம் கூடுதலாக உள்ள ரகங்களை விஞ்ஞானிகள் தேடி உருவாக்கி வருகிறார்கள். 2016-இல் வெளிவந்த டி.ஆர்.ஆர். தான் 45 என்ற ரகத்தில், தீட்டிய பின்னும் கிலோவுக்கு 22.6 மில்லிகிராம் துத்தநாகம் உண்டு. சாதாரண ரகங்களில் 12 முதல் 16 வரைதான். குழந்தைகளின் வளர்ச்சிக்கும் நோய் எதிர்ப்புக்கும் துத்தநாகம் தேவை.

தமிழ்நாட்டில் 2019-21 கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் 48 சதவீதத்துக்கு மேல் இரத்தசோகை காணப்பட்டது. ஆகவே அதிகம் தீட்டாத அரிசியை வாங்குங்கள், நல்லதுதான். சோற்றோடு கீரை, பயறு, முடிந்தால் மீனோ ஈரலோ சேருங்கள். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம்.

மாத்திரை வயிற்றைப் பிரட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். சுண்ணாம்புச்சத்து மாத்திரையை இதோடு சேர்த்துப் போடாமல் இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். கர்ப்ப காலத்தில் 180 நாள், தினம் ஒன்று. இரத்தம் குறைவாக இருந்தால் எத்தனை என்பதைச் செவிலியர் சொல்வார். துணை சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். தீர்ந்துபோகும் முன்பே கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள்.