இயர்போன் வாங்குமுன் காதைக் கேளுங்கள்

மைசூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குப் பாலாறு என்ற பெயர் புதிதல்ல. நான் சொல்வது வேலூர்ப் பக்கத்துப் பாலாற்றை அல்ல. கொள்ளேகால், மாதேஸ்வரன் மலை வழியாக மேட்டூருக்குப் பேருந்தில் போகிறோமே, அப்போது மலைச்சாலை இறங்கியதும் வரும் எல்லை ஊர் அது. 1997-இல் மைசூர் மாவட்டத்திலிருந்து பிரிந்த சாமராசநகர் மாவட்டத்தின் கடைக்கோடி. அங்கே ஓடும் அதே பெயர் கொண்ட சிற்றாறு காவிரியில் கலக்கிறது.

ஒரு கோடை விடுமுறையில் பேரனுடன் அவ்வழியே சென்றேன். சோதனைச் சாவடியில் ஓட்டுநர் இஞ்சினை நிறுத்தினார். சட்டென்று எங்கும் அமைதி. அந்த அமைதியில் பேரனின் காதிலிருந்து "டிச், டிச்" என்று தாளம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. மைசூரில் ஏறியதிலிருந்து அவன் இயர்போனைக் கழற்றவே இல்லை.

"ஏன்டா கண்ணா இவ்வளவு சத்தம்?" என்றேன்.

"சத்தமா? பாதிக்கு மேலே கொஞ்சம்தான் தாத்தா வச்சிருக்கேன். ஆனா காதுதான் வலிக்குது" என்றான்.

கழற்றிப் பார்த்தால் ஒரு காதின் உட்புறம் சிவந்திருந்தது. காது வலிப்பது ஒரு குறை, பாட்டைச் சத்தமாக வைப்பது வேறொரு குறை என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் இரண்டுக்கும் வேர் ஒன்றே: இயர்போன் காதில் சரியாகப் பொருந்தவில்லை. அதைப் பற்றி நம் சங்க அன்பர்களுக்கு எழுத வேண்டும் என்று அன்றே எண்ணினேன்.

பொருத்தமே அடிப்படை

முன்னாளில் ரயில்களில் வாக்குவம் பிரேக் இருந்தது. பெட்டிக்குப் பெட்டி ஹோஸ் பைப்பால் இணைத்திருப்பார்கள். ஏதாவது ஓர் இணைப்பில் வாஷர் சரியாக உட்காராவிட்டால் வெளிக்காற்று புகுந்துவிடும். பிறகு இஞ்சினில் எவ்வளவு முயன்றாலும் வேண்டிய வாக்குவம் கிடைக்காது. இஞ்சினைக் குறை சொல்லிப் பயனில்லை, வாஷரைத்தான் பார்க்க வேண்டும்.

காதுக்குள் செருகும் இயர்போனும் அப்படியே. நம் காதுக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். இயர்போனில் உள்ள மெல்லிய சவ்வு, குழாயில் அடைபட்டுள்ள சிறிதளவு காற்றை அழுத்தியும் தளர்த்தியும் ஒலியைச் செவிப்பறைக்கு அனுப்புகிறது. முனையில் உள்ள சிலிகான் மொட்டு குழாயை நன்றாக அடைக்காவிட்டால், மிருதங்கத்தின் 'தொம்' போன்ற தாழ்ந்த ஒலிகள் அந்த இடைவெளி வழியே வீணாகிவிடும். வெளியிலுள்ள இரைச்சலும் அதே வழியாக உள்ளே வரும். பாட்டு மெலிந்து கேட்பதால் நாம் ஒலியைக் கூட்டுகிறோம், இரைச்சலை மீறக் கேட்க வேண்டுமென்று இன்னும் கூட்டுகிறோம். "இந்த இயர்போனில் பேஸ் இல்லை" என்று குறை கூறுவோரில் பலருக்குக் குறை மொட்டில்தான் இருக்கும்.

பெட்டியில் பெரும்பாலும் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு மொட்டுகள் தருவார்கள். நடுத்தரம் மாட்டியே வரும். மற்றவற்றை நம் வீடுகளில் பெட்டியோடு எறிந்துவிடுகிறோம். எறியாதீர்கள். எதிர்க்கையால் காது மடலை மேலும் பின்னுமாக மெல்ல இழுத்துக்கொண்டு இயர்போனைச் செருகுங்கள். பிறகு வாயை மூடி "ம்..." என்று முனகிப் பாருங்கள். உங்கள் குரல் குடத்துக்குள் பேசுவது போல இரு காதிலும் சமமாக முழங்க வேண்டும். ஒரு காதில் மட்டும் முழங்கவில்லையென்றால் அந்தப் பக்கத்து மொட்டை மாற்றுங்கள். ஒருவரின் இரு காதுகளும் ஒரே அளவாக இருப்பது கட்டாயமில்லை. இடப்பக்கம் சிறியதும் வலப்பக்கம் நடுத்தரமும் போடலாம், தவறில்லை.

சுகத்தைச் சோதிப்பது எப்படி?

புதுச் செருப்பைப் போல, புது இயர்போனும் முதல் ஐந்து நிமிடம் சுகமாகத்தான் இருக்கும். முக்கால் மணி நேரம் போட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். எங்கே வலிக்கிறது என்பதிலேயே காரணம் தெரிந்துவிடும்.

1. குழாயின் உள்ளே வலித்தால் மொட்டு பெரியது.

2. வெளியே, மடலின் குழிவில் வலித்தால் இயர்போனின் உடல் உங்கள் காதுக்குப் பெரியது. மொட்டை மாற்றிப் பயனில்லை, வேறு வடிவம்தான் வேண்டும். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் இத்தொல்லை அதிகம்.

3. மெல்லும்போது கழன்றால் மொட்டு சிறியது, அல்லது சரியாக உள்ளே போகவில்லை. தாடை மூட்டு காதுக்குழாயை ஒட்டியே இருப்பதால், வாய் அசையும்போது குழாயின் வடிவமும் மாறும். ஆகவே ஒரு முறுக்கைத் தின்றுகொண்டே சோதிப்பது நல்ல சோதனை!

4. நடக்கும்போது 'தொப் தொப்' என்று உங்கள் காலடியே கேட்டால் அது பழுதல்ல. காதை அடைத்தால் உடலின் ஒலிகள் உள்ளேயே தங்கும். ஒயர் சட்டையில் உரசும் ஒலி கேட்டால், ஒயரை மடலுக்கு மேலாகச் சுற்றி விடுங்கள்.

சிலிகான் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஸ்பாஞ்சு மொட்டை முயலலாம். அதை விரலால் நசுக்கிச் செருகி, அது விரியும் வரை பிடித்திருக்க வேண்டும். இரைச்சலை நன்றாகத் தடுக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். எந்த மொட்டானாலும் கழற்றித் துடைத்து வைக்க வேண்டும், ஒருவர் போட்டதை மற்றவர் போடக் கூடாது. காதில் சீழோ வலியோ உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் வரை செருகவே கூடாது.

ஒலியைச் சோதிப்பது எப்படி?

ரயில் நிலையங்களில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பவர்களை மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். நல்ல சக்கரம் மணி போல ஒலிக்கும், விரிசல் விழுந்தது மந்தமாக ஒலிக்கும். தட்டும் விசை ஒரே அளவாக இருந்தால்தான் வேறுபாடு தெரியும். இயர்போனிலும் அதே விதி. இரண்டை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்தத்தில் வையுங்கள். சற்று உரக்க ஒலிப்பதே நல்லது என்று காது நம்மை ஏமாற்றிவிடும்.

உங்களுக்கு நன்கு பழகிய ஒரு கச்சேரிப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் தம்புரா. அதன் தந்திகள் ஒவ்வொன்றும் மீட்டப்படுவது தனித்தனியாகத் தெரிந்து, அந்த ரீங்காரம் விடாமல் பாட்டின் பின்னே நிற்க வேண்டும்.

அடுத்து மிருதங்கம். பொதுவாகத் தோல்வாத்தியங்களில் சுருதி தெளிவாக நிற்பதில்லை. நம் மிருதங்கத்தில் மட்டும் ஏன் நிற்கிறது என்பதைத் திருச்சியில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்து மறைந்த சர் சி. வி. ராமன் ஆராய்ந்து, 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். வலந்தலையில் பூசியிருக்கும் கருமையான சோறுதான் அதன் மேலொலிகளை இசைக்கு இயைந்த வரிசையில் அமைக்கிறது. ஆகவே வலந்தலையில் சுருதியும் இடந்தலையில் கும்கியும் வேறு வேறாகக் கேட்க வேண்டும். பேஸைச் செயற்கையாக ஏற்றிய இயர்போனில் இடந்தலை மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும்.

பிறகு வயலின். நம் மைசூர் சௌடையா அவர்களின் ஏழு தந்தி வயலின் பதிவு கிடைத்தால் இதற்கு மிகவும் ஏற்றது. அந்த நாதத்தின் செறிவு தெரிய வேண்டும், கீச்சிடக் கூடாது. கடைசியாகப் பாடகரின் குரல். "சரவணா" என்னும்போது 'ச' ஊசியாய்க் குத்தினால் மேல் ஒலிகள் மிகுதி. திரை போட்டது போல் மங்கினால் அவை குறைவு.

பெட்டியின் மேல் "20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்" என்று அச்சிட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். எந்த ஒலி எவ்வளவு ஏறி இறங்கி வருகிறது என்பதை அது சொல்வதில்லை. மேலும் வயது ஏற ஏற உச்ச ஒலிகள் நம் காதுக்குக் கேட்பதும் குறைகிறது.

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்?

பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபல் அளவில் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் கூறும் எல்லை. சிறுவர்களுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல்தான். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். பெரியவர்களுக்கே 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் 5 மணி. அதாவது ஒரு வாரத்துக்கு உரிய பங்கை, ஒரே பேருந்துப் பயணத்தில் செலவழித்துவிட முடியும்.

உட்செவியில் ஏறக்குறைய 15,000 மயிர் அணுக்கள் உள்ளன. அழிந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. இளமையில் இரைச்சலான இடங்களில் காதடைப்பான் அணியாமல் நின்றவன் நான். அணியாதது என் அசட்டைதான். இன்று என் செவிப் பரிசோதனை வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் இருக்கிறது. இரைச்சலால் கெட்ட காதின் அடையாளம் அது. மேலே சொன்ன சோதனைகளில் 'ச' சோதனையை நான் செய்ய முடியாது. பேரன்தான் எனக்காகக் கேட்டுச் சொல்ல வேண்டும்.

நம் ஊர் மானசகங்கோத்ரியில் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம் இருப்பது நமக்கு வாய்த்த வசதி. காதில் இரைச்சல் கேட்டாலும், பிறர் பேசுவது தெளிவில்லாமல் போனாலும் தயங்காமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நன்றாக அடைக்கும் இயர்போன் ஹாரனையும் சேர்த்தே அடைக்கும். சாலையைக் கடக்கும்போதும், முக்கியமாகத் தண்டவாளத்தின் அருகிலும், இரண்டையும் கழற்றிச் சட்டைப்பையில் போடச் சொல்லுங்கள். மின்சார ரயில் பக்கத்தில் வரும்வரை சத்தம் தெரியாது.

அன்று பாலாற்றில் பேரனின் பையில் தேடியதில், மற்ற மொட்டுகள் இருந்த சிறு பாக்கெட் கிடைத்தது. வலித்த காதுக்குச் சிறியதைப் போட்டு "ம்..." என்று முனகச் சொன்னேன். "இப்ப ரெண்டு பக்கமும் ஒண்ணா கேக்குது தாத்தா!" என்றான். சத்தத்தைத் தானாகவே குறைத்தான். திரும்பி வரும்போதும் பேருந்து அதே சாவடியில் நின்றது, இஞ்சினும் நின்றது. அவன் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் காதை நம்பாமல், முன் இருக்கை அம்மாளிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.