பிள்ளை மொக்கா, கண் மங்கலா?

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பிய கமக்காரக் குடும்பங்கள் பல சுன்னாகம் பகுதி முகாம்களில் தங்கின. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. மின்சாரமில்லாத அந்த ஆண்டுகளில் பிள்ளைகள் சிக்கன விளக்கில் படித்தார்கள். விளக்குத்தான் கண்ணைக் கெடுத்தது என்று நாம் பேசிக்கொள்கிறோம். மங்கல் வெளிச்சத்தால் வரும் கண் களைப்பு, ஓய்வெடுத்தால் நீங்கிவிடும். பள்ளிக்கூடம் மாறி மாறிப் போகும் பிள்ளையின் கண்ணை எவரும் சோதிக்காமல் விடுவதே பெரிய இழப்பு.

தூரம் தெரியாத பிள்ளைக்குக் கரும்பலகை மங்கல். கிட்டத்தில் தெளிவில்லாத பிள்ளைக்கு வாசிக்கும்போது வரி தவறும், தலையிடிக்கும். எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும் என்று எண்ணி அது வாய் திறவாது. நாமோ மொக்கு என்று ஏசுகிறோம்.

வீட்டிலேயே பார்க்கலாம். சுவரில் நாட்காட்டியைத் தொங்கவிட்டு, பிள்ளையை இருபது அடி தள்ளி நிறுத்துங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி இலக்கங்களை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண். அதே இடத்தில் நின்று நல்ல பார்வையுள்ள ஒருவர் வாசிப்பதைப் பிள்ளை வாசிக்காவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் கண் சிகிச்சைப் பிரிவு உண்டு.

ஒரு கண் மட்டும் மங்கினால் பிள்ளை மற்றக் கண்ணால் சமாளித்துவிடும்; வெளியே தெரியாது. ஏழு வயதுக்கு முன் கவனித்தால் தேற்றுவது இலகு. பிந்தினால் கண்ணாடியும் முழுப்பலன் தராது.

வாடும் பயிரை நாம் ஏசுவதில்லை, வேரைப் பார்க்கிறோம். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு முதலில் கண்ணைப் பார்ப்போம்.