பாசி போர்த்திய பட்டை

மரத்தின் பட்டையைச் சுற்றிலும் வளையமாக உரித்துவிட்டால் மரம் பட்டுப்போகும். ஆடு மேய்க்கும் பிள்ளைக்கும் இது தெரியும். இலை சமைத்த உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உள்ளடுக்கு வழியாகத்தான். அந்த வழியை அறுத்தால் வேர் பட்டினி கிடந்து சாகும். ஆனால் நமக்கு வேண்டியதும் அந்தப் பட்டைதான். நாட்டு மருந்துக்கடையின் மருதம்பட்டை, பல் துலக்கிய கருவேலம்பட்டை, தோல் பதனிட்ட ஆவாரம்பட்டை, குழம்பில் மணக்கும் கறுவாப்பட்டை எல்லாமே ஒரு மரமோ செடியோ தன்னைக் காத்துக்கொள்ளப் போர்த்தியிருந்தவை. பட்டையையும் எடுக்கவேண்டும், மரமும் பிழைக்கவேண்டும். அதற்கு என்ன வழி? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நீலகிரியில் இதற்கு ஒரு வழி கண்டார்கள்.

அந்த மரம் சின்கோனா. அதன் பட்டையிலிருந்து வருவதுதான் குயினைன். நம் பெரியவர்கள் ‘கொயினா’ என்றார்கள். மலேரியா என்னும் குளிர்க்காய்ச்சல் கண்டவர்கள் அதன் கசப்பை ஆயுளுக்கும் மறக்கவில்லை.

சின்கோனாவின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவு. 17ஆம் நூற்றாண்டில் ஏசு சபைப் பாதிரியார்கள் வழியாக அந்தப் பட்டை ஐரோப்பாவுக்குப் போனது. பெரு நாட்டு ஆளுநரின் மனைவியான சின்சோன் சீமாட்டியை இது பிழைக்க வைத்தது என்று ஒரு கதை உண்டு. லின்னேயஸ் மரத்துக்கு அவர் பெயரையே சூட்டினார். கதை உண்மையல்ல, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 1820இல் பாரிஸில் பெல்த்தியே, காவந்தூ என்ற இருவர் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தார்கள். அதற்குப் பிறகு மலேரியா நாடுகளை ஆள நினைத்த அரசுகளுக்கெல்லாம் இந்த மரம் தேவைப்பட்டது.

1860இல் பிரிட்டிஷ் அரசுக்காகக் கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெருவிலிருந்து கொண்டுவந்த நாற்றுகளில் பெரும்பாலானவை வழி வெக்கையில் மடிந்தன. ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் ஈக்வடாரில் சேகரித்து அனுப்பிய செம்பட்டை வகைதான் நீலகிரியில் வேர்பிடித்தது. ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் அந்த நாற்றுகளைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தெடுத்தார்.

மரத்தை வெட்டிப் பட்டை உரிப்பதுதான் ஆண்டிஸ் வழக்கம். மெக்ஐவர் வேறு விதமாகச் செய்தார். நின்ற மரத்தில் மேலிருந்து கீழாக, இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையைக் கீற்றாக உரிக்கவேண்டும். அடுத்த கீற்றைத் தொடக்கூடாது. மரத்தின் உணவு அதன் வழியே இறங்கிக்கொண்டிருக்கும். உரித்த இடத்தில் வழவழவென்று ஓர் இளம் படலம் தெரியும். புதுப் பட்டையை உண்டாக்குவது அதுதான். அதில் கை படக்கூடாது, கத்தி படக்கூடாது, வெயிலில் காயவும் கூடாது. உடனே ஈரப் பாசியை வைத்துப் போர்த்திக் கட்டிவிடுவார்கள். புண்ணுக்குப் பச்சிலை வைத்துக் கட்டுவது போலத்தான். பாசிக்கு அடியில் மெல்லப் புதுப் பட்டை மூடிக்கொண்டு வரும். அது தேறியபின் விட்டுவைத்த கீற்றுகளின் முறை. புதிதாக வளர்ந்த பட்டையில் மருந்துச் சத்து பழையதைவிட அதிகமாக இருந்ததையும் சோதித்துக் கண்டார்கள். பட்டை உரிப்பதில் இதைவிடப் பக்குவமான ஒரு முறையை நான் அறியேன்.

மரத்துக்குக் காட்டிய இந்தக் கரிசனம் மனிதருக்குக் கிடைக்கவில்லை. நடுவட்டம் தோட்டத்தில் வேலை செய்தவர்களில் மலாய்க் கரையோரக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளும் உண்டு. விடுதலையானபின் சிலர் அங்கேயே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்து குடும்பமானார்கள். மானிடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் தம் நூலில் இவர்களைக் குறித்திருக்கிறார்.

நீலகிரியில் வேர்பிடித்த செம்பட்டையில் குயினைன் குறைவு. குயினைன் மிகுந்த வகையின் விதைகளைப் பொலிவியாவிலிருந்து சேகரித்துத் தந்தவர் மனுவேல் இன்க்ரா மமானி என்ற பழங்குடி மனிதர். அவற்றை 1865இல் வணிகர் சார்ல்ஸ் லெட்ஜர் விற்க முயன்றபோது பிரிட்டிஷ் அரசு வாங்க மறுத்தது. டச்சுக்காரர்கள் ஒரு பவுண்டு வாங்கினார்கள். அந்த ஒரு பவுண்டு விதையிலிருந்து ஜாவாவின் தோட்டங்கள் பெருகின. 1930களில் உலகக் குயினைனில் பத்தில் ஒன்பது பங்கு அங்கிருந்துதான் வந்தது. மமானியோ விதை கொடுத்த குற்றத்துக்காகச் சிறையில் அடிபட்டு 1871இல் இறந்தார்.

இலங்கையிலும் சின்கோனா ஓர் அலையாக வந்து போனது. இலைநோயில் காப்பி அழிந்தபோது தோட்டக்காரர்கள் சின்கோனாவுக்குத் தாவினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பட்டையைச் சந்தைக்குக் கொண்டுவந்ததில் 1880களில் விலை சரிந்தது. மரங்களைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள். காப்பி, சின்கோனா, தேயிலை என்று பயிர்தான் மாறியது. உழைத்தவர்கள் அதே தமிழ்த் தொழிலாளர்கள்.

1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்தபோது நேச நாடுகள் குயினைனுக்குத் தவித்தன. செயற்கை மருந்துகளின் தேடல் சூடுபிடித்தது. குளோரோகுயின் வந்தது, சின்கோனா தோட்டங்களின் காலம் முடிந்தது.

ஊட்டியிலிருந்து கூடலூருக்குப் போகும் வழியில் நடுவட்டத்தில் இறங்குங்கள். கைதிகளை அடைத்திருந்த பழைய சிறை இன்று ஒரு தேயிலைத் தோட்டத்தில் காட்சிக்கூடமாக நிற்கிறது. வால்பாறைக்குப் பக்கத்தில் சின்கோனா என்றே ஓர் ஊர் உண்டு. அங்கே இப்போது விளைவது தேயிலை.